பதினெட்டுப் பேர், ஒரு வேன், ஒரு வோட்டர் பார்க்: மலையிலிருந்து போகிறவர்களுக்கு

மூன்று வருடத்துக்கு முன்னால், இலங்கை மலையகத்தில் எங்கள் தோட்டத்து லயத்து (வரிசை வீட்டு) ஆட்கள் பதினெட்டுப் பேர் சேர்ந்து கீழே ஒரு வோட்டர் பார்க்குக்குப் போனோம். விடிய ஐந்து மணிக்கு வேன் என்று பேச்சு. ஐந்தரைக்கு டிரைவர் வந்தார், ஆறு மணிக்கும் இரண்டு பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள், ஆறே முக்காலுக்கு யாரோ அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் வந்து திரும்பி ஓடினார்கள், ஏழே காலுக்குத்தான் வேன் அசைந்தது. கினிகத்தேனை இறக்கத்தில் மூன்று பிள்ளைகள் வாந்தி. கித்துல்கலையில் சாப்பிட அரை மணி நேரம் என்று நிறுத்தியது ஒன்றரை மணி நேரமானது. பார்க் வாசலில் இறங்கும்போது பதினொன்றரை, டிக்கட் கவுண்டரில் எங்களுக்கு முன்னால் நாலு பஸ் கூட்டம் நின்றது.

அன்றைக்கு ஆளுக்கு நாலு சறுக்கு கிடைத்திருக்கும், அவ்வளவுதான். எங்கள் பெரியம்மாவுக்கு அதுவும் இல்லை. பதினெட்டுப் பேரின் பைகளையும் சுற்றி வைத்துக்கொண்டு ஒரு மரத்தடியில் மாலை வரைக்கும் உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது வேனில் என்னைக் கேட்டார்: "ஏன்டா தம்பி, அந்தத் தண்ணி சுட்டுச்சா, குளிர்ந்துச்சா?" அவருக்கும் முழு டிக்கட் எடுத்திருந்தோம்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை போய்விட்டோம், இரண்டும் ஒழுங்காக நடந்தன. பெரிய வித்தை ஒன்றும் செய்யவில்லை, ஆனால் செய்ததில் முக்கால்வாசி வேன் ஏறும் முன்பே செய்தது. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலைப் பக்கத்திலிருந்து கூட்டமாகப் போக நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நாலு பேர் குடும்பமாகக் காரில் போகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது, கொடுத்து வைத்தவர்கள்.

எந்தப் பார்க், எந்த நாள்

மலையில் பெரிய பார்க் என்று ஒன்று கிடையாது. நுவரெலியா கிரகரி வாவியில் அன்னப் படகு மிதிக்கலாம், குதிரை ஏறலாம், விக்டோரியா பூங்காவில் சின்னப் பிள்ளைகளை ஓட விடலாம். எல்லப் பக்கம் போனால் ஃபிளையிங் ராவணாவில் கம்பியில் தொங்கிக்கொண்டு அரைக் கிலோமீட்டர் பறக்கலாம். (ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: காலை எட்டுக்கு முன்னால் டவுனுக்குள் இருங்கள், இல்லாவிட்டால் வாவியை வேன் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பீர்கள்.) சறுக்கு, அலைத் தடாகம் என்று பிள்ளைகள் கேட்டால் கீழே இறங்கத்தான் வேண்டும். அவிசாவளைப் பக்கம் லெஷர் வேர்ல்ட், பண்டாரகமையில் பேர்ல் பே, நம் ஆட்கள் பேச்சில் அடிபடுவது இந்த இரண்டும்தான். பேர்ல் பேயில் கோ-கார்ட் ஓட்டவும் இடம் இருக்கிறது, அதனால் இளந்தாரிகள் அங்கே இழுப்பார்கள், ஆனால் தூரம். ஹட்டன் பக்கத்துக்காரர்களுக்கு அவிசாவளைதான் தோது. ஏ7 வீதி நேரே அங்கேதான் போய் முடிகிறது, ஹட்டனிலிருந்து 70 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, எங்கேயும் நிற்காமல் போனால் வேனில் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பண்டாரவளை, அப்புத்தளைக்காரர்கள் பலாங்கொடை, இரத்தினபுரி வழியாக வர வேண்டும். அந்த வழியில் இரத்தினபுரியிலோ அவிசாவளையிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் முதல் நாள் இரவே வந்து தங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி நாள் ரோட்டுக்கே சரியாகிவிடும்.

நாள் பார்ப்பது கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதை விடக் கஷ்டம். போயாவுக்கு, அதாவது பௌர்ணமி லீவுக்கு, போகலாம் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். போயா நமக்கு மட்டும் லீவு இல்லை, நாட்டுக்கே லீவு. சித்திரைப் புத்தாண்டு வாரம், டிசம்பர் பள்ளிக்கூட விடுமுறை இரண்டிலும் அதே கதைதான். தோட்டத்தில் பத்தாம் திகதி சம்பளம் கைக்கு வருவதால் அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் எல்லோரும் பிடிப்பார்கள், அந்த ஞாயிறு வேனும் கிடைக்காது, கிடைத்தாலும் ஹயர் காசு கூடுதலாகக் கேட்பார்கள். சம்பளத்தில் காசைச் சேர்த்து ஒருவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த சனிக்கிழமை போனால் என்ன? நாங்கள் இரண்டு தடவையும் அப்படித்தான் போனோம்.

மழையையும் பார்க்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் பருவக்காற்று, வட்டவளையிலிருந்து அவிசாவளை வரைக்கும் நாட்டிலேயே அதிகம் நனைகிற பகுதி. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை பளிச்சென்று இருக்கும், மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு இடி இடிக்கும். தண்ணீரில் நனைவதற்குத்தானே போகிறோம், மழை பெய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. மழை பிரச்சினை இல்லை, மின்னல்தான் பிரச்சினை. மின்னல் வந்தால் எல்லோரையும் தண்ணீரிலிருந்து ஏற்றிவிடுவார்கள், ஏற்றவும் வேண்டும். அதனால் என் வாக்கு ஜனவரி, பெப்ரவரிக்குத்தான். மற்ற மாதங்களில் போவதென்றால் பெரிய சறுக்கெல்லாவற்றையும் மத்தியானத்துக்குள் முடித்துவிடுகிற மாதிரிப் போங்கள்.

நாள் முடிவானதும் பார்க்குக்குப் போன் போடுங்கள். முகநூலில் யாரோ போட்ட விலையையும், போன வருடம் போய் வந்த மச்சான் சொன்ன விலையையும் நம்பிக் காசு சேர்த்தால் கட்டாயம் குறையும். டிக்கட் எவ்வளவு, பிள்ளைக்கு அரை டிக்கட் வயதைப் பார்த்தா உயரத்தைப் பார்த்தா, கூட்டமாக வந்தால் கழிவு உண்டா, வெளிச் சாப்பாடு கொண்டு வரலாமா, என்ன உடுப்புக்கு விடுவீர்கள், லொக்கர் இருக்கிறதா. கடைசியாக இதையும் கேளுங்கள், இதை யாரும் கேட்பதில்லை: அன்றைக்கு எந்தச் சறுக்காவது திருத்த வேலைக்காக மூடியிருக்கிறதா? பிள்ளைகள் ஒரு மாதமாகக் கனவு கண்ட சறுக்கு மூடியிருப்பதை வாசலில் போய்த் தெரிந்துகொள்வது கொடுமை.

முதல் நாள் செய்ய வேண்டிய இரண்டு வேலை

ஒன்று, பிள்ளைகளை அளப்பது. பெரிய சறுக்குகளிலும் வேகமான ராட்டினங்களிலும் உயர எல்லை வைத்திருப்பார்கள், சிலவற்றுக்கு 90 சென்டிமீட்டர், சிலவற்றுக்கு 120, சிலவற்றுக்கு 140 என்று இடத்துக்கு இடம் மாறும். கதவு நிலையில் பிள்ளையை நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டு தையல் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். செருப்போடு அளக்க வேண்டாம். 118 சென்டிமீட்டர் பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிவிட்டால் அரை மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான், சரியாகிவிடும். வரிசையில் அரை மணி நேரம் நின்று மேலே ஏறியபின் இறக்கிவிட்டால் அன்றைய நாளே போச்சு.

இரண்டாவது, ஆளுக்கு ஒரு ஆசை கேட்டு எழுதுவது. ஒரே ஒன்றுதான். பதினெட்டுப் பேருக்கும் ஒரு ஆசை என்றால் எப்படியும் ஏழெட்டு இடத்துக்குள் அடங்கிவிடும், ஏனென்றால் பையன்கள் ஆறு பேரும் ஒரே சறுக்கைத்தான் சொல்வார்கள். அந்த ஏழெட்டும்தான் அன்றைய திட்டம். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுகிற கூட்டம் கடைசியில் எதிலும் இரண்டாவது தடவை போகாது. பிள்ளைகளுக்கு உண்மையான சந்தோஷம் இரண்டாவது தடவையில்தான், முதல் தடவை பயத்திலேயே போய்விடும்.

வேன்

ஐந்து மணிக்குப் புறப்பட வேண்டுமென்றால் ஆட்களிடம் நாலரை என்று சொல்லுங்கள். இது பொய்தான், ஆனால் எல்லோருக்கும் தெரிந்த பொய். குளிப்பதை முதல் நாள் இரவோடு முடித்துவிடச் சொல்லுங்கள், எப்படியும் பார்க்கில் தண்ணீரில் இறங்கும் முன் குளிக்கத்தான் சொல்வார்கள். ஐந்துக்குப் புறப்பட்டால் ஒரு தேத்தண்ணிக்கும் நிறுத்தி எட்டரைக்குள் கீழே இருக்கலாம், வாசல் திறக்கும் முன்பே.

டிரைவரைப் பற்றி ஒரு விஷயம். முதல் நாள் இரவு வேறு ஹயர் போய்விட்டு அப்படியே நம் ஹயருக்கு வருகிறவர்கள் உண்டு. வேன் பேசும்போதே கேட்டுவிடுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. கினிகத்தேனைக்குக் கீழே இருக்கும் வளைவுகளில் தூக்கக் கலக்கத்தோடு இறங்குகிற வேனில் நம் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். மழைக்காலமென்றால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுகிற மண்சரிவு எச்சரிக்கையையும் முதல் நாள் இரவு பாருங்கள். நம் பிரதேசத்துக்குச் சிவப்பு போட்டிருந்தால் பயணத்தை விட்டுவிடுங்கள், காசு பார்க்க வேண்டாம்.

வாந்திக்கு வருவோம். கண் வேனுக்குள் இருக்கும் சீட்டைப் பார்த்துக்கொண்டு அசைவே இல்லை என்கிறது, காதுக்குள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு அப்படியும் இப்படியும் திரும்புகிறோம் என்கிறது, இரண்டு பேரின் சண்டையில் வயிறு மாட்டிக்கொள்கிறது. அதனால் வாந்திக்காரப் பிள்ளைகளை முன் சீட்டுகளில் வைத்து தூரத்து ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், கையில் போனைக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் வட்டவளை தாண்டும் முன்பே முடிந்தது. பின் சீட்டில் பையன்களைப் போடுங்கள், அவர்களுக்கு எப்படியும் பின் சீட்டுதான் வேண்டும். வாந்தி மாத்திரை கொடுப்பதென்றால் பாமசியில் பிள்ளையின் வயதைச் சொல்லிக் கேட்டு வாங்கி, புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்னால் கொடுக்க வேண்டும். தலை சுற்ற ஆரம்பித்தபின் கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. ஒரு துண்டு பாண் அல்லது நாலு கிறீம் கிறேக்கர் பிஸ்கட், அது போதும். ஷொப்பிங் பேக் பத்தாவது முன்பக்கம் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்து முகர்ந்துகொண்டு வரும் பாட்டிமாரைக் கேலி செய்யாதீர்கள், சிலருக்கு அது கேட்கிறது.

காலைச் சாப்பாட்டை ஹொட்டலில் சாப்பிடலாம் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். பதினெட்டுப் பேர் ஒரு கடைக்குள் இறங்கினால் ஒரு மணி நேரம் போச்சு. ரொட்டியும் கட்டச்சம்பலும் வீட்டிலேயே கட்டி எடுத்துக்கொண்டு, கீழே இறங்கி வளைவெல்லாம் முடிந்தபின், எட்டியாந்தோட்டை தாண்டி ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடத்தில் சாப்பிட்டுவிடலாம்.

உடுப்பு

இதில் அவமானப்பட்டவர்கள் நிறையப் பேர். வோட்டர் பார்க்குகளில் பருத்தி உடுப்பு, டெனிம், சாறி, சுடிதார் எதற்கும் தண்ணீருக்குள் விட மாட்டார்கள், நைலோன் துணிதான் கேட்பார்கள். இது வெறும் கெடுபிடி இல்லை. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், நூல் பிரிந்து வடிகட்டியில் அடைத்துக்கொள்ளும், டெனிமின் பித்தளைப் பொத்தானும் ஸிப்பும் சறுக்கைக் கீறிவிடும், அந்தக் கீறலில் அடுத்தவன் முதுகு கிழியும். அங்கேயே வாடகைக்கும் விலைக்கும் கொடுப்பார்கள், ஆனால் வாசல் விலை வாசல் விலைதான். டவுனில் முன்கூட்டியே நைலோன் கால்சட்டையும் உடம்போடு ஒட்டுகிற டீசேர்ட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பொம்பளைகளுக்கு நீளக் கை டீசேர்ட்டும் கணுக்கால் வரைக்கும் நைலோன் லெகிங்ஸும் இருந்தால் கூச்சமில்லாமல் இறங்கலாம், கறுப்போ கடும் நீலமோ எடுங்கள், வெள்ளை வேண்டாம்.

நாம் குளிரில் பழகியவர்கள். ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஆறு பாகைக்கு மேல் சூடு கூடும், ஹட்டன் 1200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, அவிசாவளை கிட்டத்தட்ட கடல்மட்டத்தில். காலையில் சுவெட்டரோடு ஏறினவர்கள் பத்து மணிக்கு வியர்த்து ஊற்றிக்கொண்டு நிற்பார்கள். தண்ணீரில் நிற்கும்போது தாகமும் தெரியாது, வெயில் சுடுவதும் தெரியாது, இரவு வீட்டுக்கு வந்து தோளைத் தொட்டால்தான் தெரியும். ஆளுக்கு ஒரு லீற்றர் போத்தலாவது வேண்டும். சன் கிறீம் வாங்க முடிந்தால் நல்லது, இல்லாவிட்டால் நீளக் கைதான் சன் கிறீம். இரப்பர் செருப்பு போடுங்கள், வெயிலில் சீமெந்துத் தரை கொதிக்கும். 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்த நாளில் புதிதாகப் போட்ட தார் இளகிப் பெண்களின் குதியுயர்ந்த செருப்பு அதில் மாட்டிக்கொண்டதாம், பிளம்பர்களின் வேலைநிறுத்தத்தால் குடிதண்ணீர்க் குழாயும் போதவில்லையாம். செருப்பும் தண்ணீரும் அன்றிலிருந்தே பிரச்சினைதான்.

நகையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். தோடு, மூக்குத்தி பரவாயில்லை, சங்கிலி வேண்டவே வேண்டாம். அலைத் தடாகத்தில் விழுந்த சங்கிலியைத் தேடிக் கொடுக்க யாராலும் முடியாது.

உள்ளே போனதும்

லயத்தை லைன் என்று சொல்கிறவர்கள் நாங்கள், பிறந்ததே லைனில். 2022இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் நின்ற வரிசையில் நாடே பட்டம் வாங்கிவிட்டது. ஆனாலும் காசு கொடுத்து வரிசையில் நிற்பதற்கு ஒரு அளவு இருக்கிறது.

வாசல் திறந்ததும் கூட்டம் முழுவதும் கண்ணுக்கு முதலில் படுகிற சறுக்கில்தான் போய் விழும். நீங்கள் அதைத் தாண்டி நேரே கடைசிக்கு நடங்கள். பார்க்கில் ஆக தூரத்தில் இருக்கும் பெரிய சறுக்கில் முதல் அரை மணி நேரம் அநேகமாக ஆளே இருக்காது. பையன்கள் எழுதிக் கொடுத்த ஆசை அங்கேதான் இருக்கும், வரிசை சேரும் முன் இரண்டு தடவை போய்விடலாம். அங்கிருந்து வாசல் பக்கமாகத் திரும்பி வாருங்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் செய்ததை மத்தியானத்துக்குப் பிறகு செய்ய நாலு மணி நேரம் வேண்டும்.

வரிசையைக் கண்டால் நிற்பதா விடுவதா என்று ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஒரு ராட்டினத்தில் இருபது இருக்கை, ஏற்றி, சுற்றி, இறக்கி முடிய நாலு நிமிடம் என்றால் மணிக்கு முந்நூறு பேர். உங்களுக்கு முன்னால் நூற்றைம்பது தலை இருந்தால் அரை மணி நேரம். சறுக்கில் ஒவ்வொருத்தராக அரை நிமிடத்துக்கு ஒருவரை விட்டால் மணிக்கு நூற்றிருபது பேர்தான், அதே நூற்றைம்பது தலைக்கு ஒன்றேகால் மணி நேரம். ஆகவே வரிசையின் நீளத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், எத்தனை நிமிடத்துக்கு எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்று இரண்டு சுற்று எண்ணிப் பாருங்கள். எங்கள் கூட்டத்தில் இந்த வேலையைப் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளையிடம் கொடுத்தோம், அவள் சொன்ன நேரம் அநேகமாகத் தப்பவில்லை.

டிஸ்னியில் 1999இல் ஃபாஸ்ட்பாஸ் என்று நேரம் குறித்த சீட்டு கொண்டு வந்தார்கள், அந்த நேரத்துக்குப் போனால் நீள வரிசை இல்லாமல் ஏற முடிந்தது. நமக்குச் சோறுதான் ஃபாஸ்ட்பாஸ். எல்லோரும் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் இடையில் சாப்பிடப் போவார்கள். நீங்கள் பதினொன்றரைக்குச் சாப்பிட்டு, கொஞ்சம் உட்கார்ந்து, பன்னிரண்டரைக்குச் சறுக்குப் பக்கம் போனால் வரிசை பாதியாகியிருக்கும். வெளிச் சாப்பாடு விடுவார்கள் என்றால் எலுமிச்சம் சோறும் உருளைக்கிழங்கும் கட்டுங்கள், தேங்காய்ப்பால் கறி அந்த வெக்கையில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். முட்டையை அவித்துத் தோலோடு எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு சுற்றுகிற ராட்டினத்தில் யாரையும் ஏற்றாதீர்கள்.

பயந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. கப்பல் ஊஞ்சலில் இரண்டு முனையும்தான் ஆக உயரம் போகும், நடுவில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு. ரோலர் கோஸ்டர் இருக்கிற பார்க்குக்குப் போகிறவர்கள் (கோத்தகிரி, கூடலூர் என்று 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போன சொந்தங்களைப் பார்க்கப் போகும்போது மேட்டுப்பாளையம் பிளாக் தண்டருக்கும், பெங்களூர் வொண்டர்லாவுக்கும் கூட்டிப்போவார்கள்) இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: முன் இருக்கையில் காட்சி, பின் இருக்கையில் வயிறு கலக்கம். முன் பெட்டி உச்சியைத் தாண்டியதும் பின் பெட்டியை வேகமாக இழுத்துக்கொண்டு போவதால் கடைசி வரிசைக்காரர்தான் சீட்டிலிருந்து எழும்புவார்.

தண்ணீர் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். நம் பிள்ளைகளில் நீந்தத் தெரிந்தவர்கள் குறைவு, ஓடையில் முழங்கால் அளவு நின்று பழகியவர்கள். அலைத் தடாகத்தில் கரைப்பக்கம் ஆழம் இல்லாதது மாதிரி இருக்கும், அலை வரும்போது கழுத்துக்கு வரும். ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளை, அதற்கு மேல் இல்லை, கைக்கு எட்டுகிற தூரத்தில். லைஃப் கார்ட் இருக்கிறாரே என்று கரையில் போன் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், அவருக்கு இருநூறு தலை. முங்குகிற பிள்ளை கத்தாது, சத்தமே வராது, அதுதான் பயம். சறுக்கில் கால் முன்னே, கை மார்பில் குறுக்கே, கீழே வந்ததும் அந்த இடத்தை விட்டு உடனே விலக வேண்டும். ஏதாவது நடந்துவிட்டால் 1990 இலக்கத்துக்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், அதற்குக் காசு வாங்க மாட்டார்கள். பிள்ளைகளின் கையில் உள்பக்கமாகப் பேனாவால் ஒரு போன் இலக்கத்தை எழுதி, அதன் மேல் செலோடேப் ஒட்டிவிடுங்கள், தொலைந்தாலும் பிரச்சினை இல்லை. எல்லோரும் வந்து சேர வேண்டிய ஒரு மரத்தையோ சிலையையோ காலையிலேயே காட்டிவிடுங்கள்.

பெரியம்மா விஷயம்

பெரிய லொக்கர் இரண்டு எடுத்தால் பைகளின் பிரச்சினை பாதி தீரும். மீதிப் பாதிக்கு, அதாவது சோற்றுக் கூடைக்கும் துவாய்க்கும், காவல் வேண்டும்தான். அந்தக் காவலை நேரம் போட்டுப் பிரித்து ஒரு தாளில் எழுதுங்கள், ஆளுக்கு முக்கால் மணி நேரம். முதல் காவல் ஆம்பளைகளுக்கு. எழுதாமல் விட்டால் அது யார் தலையில் விழும் என்று உங்களுக்கே தெரியும், "நீங்க போங்க, நான் இருக்கேன்" என்று அவர்களே சொல்வார்கள், நாமும் சரி என்று போய்விடுவோம்.

எங்கள் பெரியம்மாவுக்கு நாற்பது வருடம் கூடை சுமந்த முதுகு. சறுக்கு எல்லாம் சரி வராது, முதுகு வலி, பிரஷர், நெஞ்சு நோய் இருக்கிறவர்களை வேகமானதில் ஏற்றவே கூடாது. ஆனால் மெதுவாகத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் ரப்பர் வளையத்தில் சாய்ந்துகொண்டு போகலாமே. இரண்டாவது பயணத்தில் பேத்தியின் டீசேர்ட்டும் புது லெகிங்ஸும் போட்டு, ஐந்து நிமிடம் கூச்சப்பட்டு, பத்து நிமிடம் எங்களைத் திட்டி, கடைசியில் வளையத்தில் உட்கார்ந்தார். மூன்று சுற்று போய்விட்டார், இறங்கச் சொன்னால் கேட்கவில்லை. தண்ணி குளிர்ந்துச்சாம்.

திரும்பி ஏறுவது

பார்க் மூடும் வரைக்கும் இருந்தால்தான் காசுக்குப் பெறுமதி என்று நினைக்காதீர்கள். நாலு மணிக்கு வேனில் இருங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் உடுப்பு மாற்றுகிற இடத்தில் நிற்கிற வரிசை எந்தச் சறுக்கு வரிசையையும் விடக் கொடுமை. ஆறரை, ஏழுக்குள் இருட்டிவிடும், கினிகத்தேனைக்கு மேலே பனிமூட்டம் இறங்கினால் முன்னால் போகும் லொறியின் பின் விளக்கு கூடத் தெரியாது. அந்த ஏற்றத்தில் முடிந்த அளவையாவது வெளிச்சத்தில் ஏறுவதுதான் கணக்கு. மத்தியானம் நீங்கள் தண்ணீரில் இருக்கும் நேரத்தில் டிரைவரைத் தூங்கச் சொல்லுங்கள், சோற்றுப் பொட்டலம் அவருக்கும் ஒன்று கட்டிவிடுங்கள், அவருடைய கணக்கை நாம்தான் மறந்துபோகிறோம்.

கித்துல்கலையில் தேத்தண்ணிக்கு நிறுத்தும்போது பையன்கள் களனி கங்கையில் இறங்கி ஒரு முழுக்கு போடுகிறோம் என்பார்கள். கூடாது. மேலே மின்நிலையங்களிலிருந்து தண்ணீர் விட்டால் ஆற்று மட்டம் சட்டென்று ஏறும், படகு விடுகிறவர்கள் அந்த நேரம் தெரிந்து வைத்திருப்பார்கள், நமக்குத் தெரியாது. பிளேன்ட்டி, ஆளுக்கு ஒரு வடை, இருபது நிமிடம், தலையை எண்ணி ஏற்றுங்கள். சுவெட்டரை இங்கேயே போட்டுவிட வேண்டும். ஈரத் தலையோடு ஹட்டன் குளிருக்குள் போனால் நடுங்கிப்போவீர்கள்.

ஈர உடுப்பையெல்லாம் தனித்தனி ஷொப்பிங் பேக்கில் முடிந்து பெயர் எழுதி வையுங்கள், பதினெட்டுப் பேரும் கறுப்பு நைலோன்தான் போட்டிருப்பீர்கள். குளோரின் போக அன்றிரவே நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசிக் கொடியில் போட்டுவிட்டால் அடுத்த தடவைக்கும் இருக்கும். வீட்டுக்கு இறக்கும்போது, கோயில் சந்தியில் எல்லோரும் இறங்கி நடந்துகொள்ளட்டும் என்று விடாமல், கைப்பிள்ளைக்காரர்களையும் விடிந்தால் பிரட்டுக்கு (தோட்டத்தில் காலை வேலை பிரிக்கும் இடத்துக்கு) போக வேண்டியவர்களையும் முதலில் அவரவர் லயத்தடியில் இறக்கச் சொல்லுங்கள். அதற்கு டிரைவருக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்க வேண்டி வரும், வேன் பேசும்போதே சேர்த்துப் பேசிவிடுங்கள்.